ஐந்து நிற மர்மச் சால்வை: நூல் எடுப்பது முதல் பிளாக்கிங் வரை

கார்த்திகைப்பூ
வணக்கம். விரைவில் தொடங்கும் மர்மப் பின்னல் (முழு வடிவத்தையும் காட்டாமல், துப்பு துப்பாகப் பிரித்து வெளியிடுவது) ஒன்றுக்கு நூல் எடுத்துவைக்க வேண்டும். வடிவமைப்பாளர் இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மேலிருந்து கீழாகப் போகும் முக்கோணச் சால்வை, 5 நிறம், 5 துப்பு, வாரம் ஒரு துப்பு. ஃபிங்கரிங் எனப்படும் மெல்லிய கனத்தில் கம்பளி நூல், 100 கிராமுக்கு 400 மீட்டர். நிறம் 1, நிறம் 2 தலா 100 கிராம். நிறம் 3, நிறம் 4 தலா 50. நிறம் 5 மட்டும் 20. ஊசி 3.75 மி.மீ., 120 செ.மீ. வட்ட ஊசி. அளவு: கார்ட்டரில் (எல்லா வரிசையும் நிட் என்ற அடிப்படைக் கண்ணியாகவே பின்னுவது), பிளாக்கிங் (நனைத்து, விரித்துக் குத்திக் காயவைப்பது) செய்த பிறகு 10 செ.மீ.க்கு 22 கண்ணி. கூடவே இருபுற முனை ஊசி 2, கழிவு நூல் கொஞ்சம், பூட்டு மார்க்கர் (கண்ணியில் மாட்டும் அடையாள வளையம்) 6.

யோசித்திருக்கும் நிறங்கள்: மயில் நீலம், மரூன், இலைப்பச்சை, கடுகு மஞ்சள், புள்ளி தெளித்த இளஞ்சிவப்பு. எது எந்த எண்ணுக்கு? சால்வை எப்படி வரும் என்றே தெரியாதபோது எதை வைத்து முடிவு செய்வது?

கண்ணிக்கணக்கு
அந்தப் பொருள் பட்டியலே முதல் துப்பு. நிதானமாகப் படித்தால் பாதி பிடிபடும்.

நிறம் 1ம் 2ம் சம எடை. பெரும்பாலும் இரண்டும் ஒன்றை ஒன்று ஒட்டியே வரும்: இரண்டிரண்டு வரிசைக் கோடுகளாகவோ, மொசைக்காகவோ (சில கண்ணிகளைப் பின்னாமல் நழுவவிட்டு இருநிறக் கோலம் வரவைப்பது), இருநிற பிரியோஷாகவோ (தடித்த வரிகளாக வரும் பின்னல்). எதுவானாலும் இந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் தூரத்தில் இருந்தே தெரிய வேண்டும். 3ம் 4ம் பாதி எடை, தனிப் பட்டைகளாக வந்து போகும். இருபுற முனை ஊசி கேட்டிருப்பதால் விளிம்பில் ஐ-கார்டு (குழாய் போன்ற மெல்லிய கயிற்றுப் பின்னல்) இருக்கலாம். கழிவு நூல் என்றால் ஓரிடத்தில் கண்ணிகளை நிறுத்திவைத்துவிட்டு வேறு பகுதிக்குப் போகச் சொல்வார்கள், அல்லது தற்காலிக காஸ்ட் ஆன் (முதல் கண்ணிகளை ஊசியில் ஏற்றுவது).

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இந்த வகை முக்கோணம் வழக்கமாக 7 கண்ணியில் தொடங்கும். ஒவ்வொரு மேட்டுக்கும் 4 கண்ணி கூடும் (கார்ட்டரில் 2 வரிசை சேர்ந்தால் 1 மேடு). இந்த நெருக்கத்தில் ஒரு கண்ணி ஏறக்குறைய 1.4 செ.மீ. நூல் தின்னும். மொத்தம் 1280 மீட்டர் கேட்டிருக்கிறார்கள். அதில் பத்துச் சதவீதத்துக்கு மேல் கையிருப்பு என்று கழித்தால் சுமார் 140 மேடு, முடிவில் 567 கண்ணி வரும். அந்தக் கட்டத்தில் ஒரு வரிசைக்கே 8 மீட்டர், அதாவது 2 கிராம். ஆகவே நிறம் 5 கீழ்ப்பகுதியில் பட்டையாக வந்தால் 5 மேட்டுக்கு மேல் தாங்காது. ஒன்று மெல்லிய கோடு, இல்லையென்றால் விளிம்பு. எந்த இடமானாலும் அது கண்ணை இழுக்க வேண்டிய நிறம். இருப்பதிலேயே துடிப்பானதை அதற்கு ஒதுக்குங்கள்.

சாயப்பானை
நிறத்தின் பெயரை மறந்துவிட்டு வெளுப்பு, கருமையை மட்டும் பாருங்க. ஐந்து சிட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், ஒரே படமாக எடுங்க. தனித்தனியாக எடுத்தால் கேமரா ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், ஒப்பிட முடியாது. மஞ்சள் விளக்கின் கீழும் வேண்டாம். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் உண்மை தெரிந்துவிடும்.

நீங்க சொன்ன மயில் நீலம், மரூன், இலைப்பச்சை மூன்றும் அநேகமாக ஒரே சாம்பலாகத்தான் விழும். கண்ணுக்கு மரூனும் மயில் நீலமும் எதிரும் புதிருமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் மொசைக்கில் ஒரு கோடு ரெண்டு கண்ணி அகலம்தான். அவ்வளவு மெல்லிசாகப் போனால் நிறத்தின் வித்தியாசம் கண்ணில் கலந்துபோகும், வெளுப்பு கருமை மட்டும்தான் நிற்கும். இரண்டடி தள்ளிப் போனாலே கோலம் முழுசும் மங்கிய திட்டு ஆகிவிடும்.

என் யோசனை: நிறம் 1 மரூன், நிறம் 2 கடுகு மஞ்சள். மயில் நீலம் 3, பச்சை 4. 5க்கு நல்ல வெளிர் நிறம் ஒன்று தேடுங்க. புள்ளி நூலைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

வட்டஊசி
வெளுப்பு கருமை வேறுபாடு எல்லாச் சால்வைக்கும் கட்டாயம் இல்லை. லேஸும் கார்ட்டரும் மட்டும் வருகிற வடிவத்தில் நெருங்கிய நிறங்கள்தான் அழகு. ஒன்றிலிருந்து ஒன்று மெதுவாக வழிந்து போகும். இங்கே சிக்கல் என்னவென்றால், அந்த வடிவமா இல்லையா என்று நமக்குத் தெரியாது. அதனால் 1க்கும் 2க்கும் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 3, 4, 5ஐ மனம் போல எடுக்கலாம்.

சாயப்பானை
ஒப்புக்கொள்கிறேன். 1 – 2 ஜோடி மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

புள்ளி தெளித்த நூலுக்கு வருவோம். அந்தப் புள்ளிகளில் எந்தெந்த நிறம் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்க. இளஞ்சிவப்பில் மரூன் புள்ளி இருந்து, பக்கத்து நூலும் மரூன் என்றால், புள்ளி வருகிற இடத்திலெல்லாம் கோடு அறுந்த மாதிரி இருக்கும். பின்னியது தப்பா, நூல்தான் அப்படியா என்று சொல்லவே முடியாது. லேஸிலும் இதே கதை: ஓட்டைகளின் நிழலைப் புள்ளி விழுங்கிவிடும். புள்ளி நூலுக்குச் சரியான இடம் வெறும் கார்ட்டர் பட்டை. ஆகவே 3 அல்லது 4. அப்படி எடுத்தால் பச்சையை விட்டுவிடலாம்.

நீண்ட நீண்ட நிறமாற்றம் உள்ள நூலை 1க்கோ 2க்கோ போடாதீங்க. தொடக்கத்தில் வரிசை குட்டி, முடிவில் வரிசை 8 மீட்டர். மேலே அகலப் பட்டையாகத் தெரிகிற நிறம் கீழே போகப் போகச் சிதறித் துணுக்கு ஆகும்.

நூலேணி
வாங்கும் முன்பே பார்க்க ஒரு வழி: தடித்த அட்டைத் துண்டில் எடைக்கு ஏற்ற விகிதத்தில் நூலைச் சுற்றுங்கள். நிறம் 1 பத்துச் சுற்று, 2 பத்துச் சுற்று, 3ம் 4ம் ஐந்தைந்து, 5 இரண்டே சுற்று. பிறகு இன்னொரு அட்டையில் 1ஐயும் 2ஐயும் ஒன்று விட்டு ஒன்றாகச் சுற்றுங்கள். முதல் அட்டை பட்டைகளைக் காட்டும், இரண்டாவது மொசைக்கைக் காட்டும். ஐந்து சிட்டத்தை மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்பது ஏமாற்றும், ஏனென்றால் 20 கிராம் நூலும் 100 கிராம் நூலும் அங்கே ஒரே அளவு இடத்தைப் பிடிக்கும்.

கார்த்திகைப்பூ
அட்டையில் சுற்றிப் பார்த்தேன். 5க்கு வெளிர் சாம்பல் வைத்தால் மரூனுக்குப் பக்கத்தில் பச்சை கலந்தது போலத் தெரிகிறது. தனியாக வைத்தால் சுத்தமான சாம்பல். நூலில் ஏதும் குறையா?

சாயப்பானை
நூலில் குறை இல்லை, கண் அப்படித்தான் பார்க்கும். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதன் எதிர்நிறத்தின் சாயலை வாங்கிக்கொள்ளும். சிவப்புக்குப் பக்கத்துச் சாம்பல் பச்சையாகச் சாயும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னதே நூலுக்குச் சாயம் போடுகிற இடத்தில் இருந்தவர்தான். பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரூல். கறுப்பு நூல் வலுவில்லாமல் தெரிகிறது என்று அங்கே புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தால் கறுப்புச் சாயத்தில் பழுது எதுவும் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். பின்னுகிறவர்களுக்கு அதைவிடப் பயன்படுகிற கண்டுபிடிப்பு குறைவு.

உங்க விஷயத்தில் சாம்பலுக்குப் பதில் லேசான வெதுவெதுப்பு உள்ள வெண்மை, பாதாம் நிறம் மாதிரி எடுத்தால் அந்தப் பச்சைச் சாயல் அடங்கிவிடும்.

மரூன் நூல் என்றதும் இன்னொன்று: சாயம் இறங்குகிறதா என்று இப்போதே பாருங்க. மரூன், கருநீலம், கறுப்பு, டர்க்காய்ஸ், அடர் சிவப்பு, இவையெல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. 30 செ.மீ. நூலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளை டிஷ்யூவில் மடித்து அழுத்துங்க. கறை பட்டால் சிட்டத்தைப் பிரித்து, நாலு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, கம்பளிக்கான சோப்புக் கரைசலில் அலசுங்க. தண்ணீர் தெளியும்வரை. மூன்று நாலு அலசலுக்குப் பிறகும் தெளியவில்லை என்றால் அது மேலே ஒட்டியிருந்த உபரிச் சாயம் மட்டும் இல்லை, சாயமே சரியாகப் பிடிக்கவில்லை.

அப்போது வினிகர் கலந்த நீரில் போட்டு, கொதி வருவதற்குச் சற்று முன், 85 டிகிரி அளவில் அரை மணி நேரம் வைக்கணும். அதே தண்ணீரிலேயே தானாக ஆறணும். கிளறக் கூடாது, சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடவும் கூடாது, கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். சூடு இல்லாமல் வினிகரில் மட்டும் ஊறவைப்பதால் பலன் இல்லை. அமிலச் சாயம் கம்பளியில் பிடிக்கச் சூடும் வேண்டும். பருத்தி நூலுக்கு இந்த வைத்தியம் செல்லாது.

மேகவிளிம்பு
மாதிரித் துண்டு பின்ன வேண்டுமா? சால்வைதானே, உடம்புக்கு ஏற்ற அளவு தேவையில்லையே.

கண்ணிக்கணக்கு
அளவுக்காக இல்லை, நூலுக்காகப் பின்ன வேண்டும். கேட்டது 22 கண்ணி, உங்கள் கை 20 கண்ணி என்றால் ஒவ்வொரு கண்ணியும் பத்துச் சதவீதம் பெரிது. கண்ணிகளின் எண்ணிக்கை மாறாது, ஆகவே நூலும் ஏறக்குறைய பத்துச் சதவீதம் கூடும். வடிவமைப்பாளருக்கு 92 கிராம் ஆன இடத்தில் உங்களுக்கு 101 கிராம் ஆகும். 100 கிராம் சிட்டம் கடைசி வரிசையில் தீரும். சாதாரண வடிவம் என்றால் முன்னாடியே படித்துப் பார்த்து எங்கே குறைக்கலாம் என்று திட்டம் போடலாம். மர்மப் பின்னலில் அந்த வசதி இல்லை.

40 கண்ணி போட்டு, 1ஐயும் 2ஐயும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றி, 12 செ.மீ. உயரம் பின்னுங்கள். கழுவி, விரித்து, காயவைத்து அதன் பிறகு அளக்க வேண்டும். சூப்பர்வாஷ் கம்பளி (இயந்திரத்தில் துவைக்கலாம்படி பதப்படுத்தியது) நனைந்ததும் நீளும், ஊசியில் 23 ஆக இருந்தது காய்ந்ததும் 21 ஆகலாம். ஐந்து நிறத்தில் நாலு சூப்பர்வாஷ், ஒன்று சாதாரணக் கம்பளி என்று கலக்க வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான். ஒரு பட்டை நீளும், மறு பட்டை நீளாது, எல்லையில் சுருக்கம் விழும்.

அந்தத் துண்டைத் திருப்பியும் பாருங்கள். கார்ட்டரில் நிறம் மாற்றுகிற வரிசை முன்பக்கம் சுத்தமான கோடாகவும் பின்பக்கம் விட்டுவிட்டு வரும் புள்ளிக் கோடாகவும் தெரியும். நிறத்தை எப்போதும் முன்பக்க வரிசையின் தொடக்கத்திலேயே மாற்ற வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் அந்த ஒரு கோடு மட்டும் கலங்கித் தெரியும்.

கார்த்திகைப்பூ
துப்பு 1 வந்துவிட்டது. கார்ட்டர் டேப் (கழுத்து நடுவில் வரும் சிறு பட்டை) தொடக்கம்: 2 கண்ணி காஸ்ட் ஆன், 6 வரிசை நிட், பக்கவாட்டில் 3 எடுக்க வேண்டும், காஸ்ட் ஆன் விளிம்பில் 2. மொத்தம் 7. கழுத்தின் நடுவில் சின்ன மேடாகத் துருத்துகிறது.

வட்டஊசி
காஸ்ட் ஆன் இறுக்கமாக இருந்தால் அப்படித்தான் துருத்தும். கழிவு நூல் அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதில் தற்காலிக காஸ்ட் ஆன் செய்து, பிறகு பிரித்து, உயிருள்ள 2 கண்ணியை ஊசிக்கு எடுத்தால் விளிம்பே தெரியாது. பக்கவாட்டில் எடுக்கும் 3 கண்ணியும் ஒவ்வொரு மேட்டின் நுனிப் புடைப்பிலிருந்து வர வேண்டும். 6 வரிசைக்கு 3 மேடு, 3 கண்ணி. இடையிலுள்ள பள்ளத்தில் எடுத்தால் ஓட்டை விழும். ஏழே கண்ணிதான், பிரித்துப் போட ஐந்து நிமிடம் ஆகாது.

மேல் விளிம்பையும் இப்போதே கவனியுங்கள். முக்கோணச் சால்வை கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். நடுப்பகுதி கீழே விரிந்துகொண்டே போகும், மேல் விளிம்பு கூடவே நீள வேண்டும். இறுக்கமாக இருந்தால் எவ்வளவு இழுத்துக் குத்தினாலும் சால்வை உள்பக்கமாக வளையும். ஒரு உபாயம்: ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணிக்குப் பிறகு ஒரு யார்ன் ஓவர் (ஊசியின் மேல் நூலை ஒருமுறை சுற்றுவது) போட்டு, திரும்பி வரும் வரிசையில் அதைப் பின்னாமல் கீழே விட்டுவிடுங்கள். அந்த நூல் முழுவதும் விளிம்புக்குப் போய்ச் சேரும். கண்ணி எண்ணிக்கை மாறாது.

நூலேணி
துப்பு 1இல் நிறம் மாற்றும்போது வால் (நூலின் நுனி) 15 செ.மீ. விடுங்கள், ஆனால் உடனே கோத்து மறைக்க வேண்டாம். துப்பு 2ஐப் பார்த்த பிறகு ஏதோ ஒரு நிறத்தை மாற்றத் தோன்றினால் பிரிப்பது எளிது. மறைத்த வாலைத் தேடிப் பிரிப்பதுதான் நூலைக் கெடுக்கும். இரண்டு துப்பு கடந்த பிறகு பழையதை மறைத்துக்கொண்டே வாருங்கள், எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்தால் நாற்பது வால் காத்திருக்கும்.

இரண்டு வரிசைக் கோட்டில் நூலை வெட்டவே வேண்டாம், ஓரத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஏற்றும் நூல் தளர்வாக இருக்கணும். இழுத்துப் பிடித்தால் வட்டஊசி சொன்ன அந்த விளிம்பு நெருக்கமாகிவிடும்.

கார்த்திகைப்பூ
நீங்கள் சொன்னபடியே துப்பு 2 மொசைக். ஆனால் மொசைக் பகுதி மற்றதை விடக் குறுகலாக, சற்றுச் சுருங்கி நிற்கிறது. சில இடத்தில் முன்பக்கமே குறுக்கு நூல் தெரிகிறது.

வட்டஊசி
இரண்டு தனித்தனிப் பிழை.

குறுக்கு நூல் தெரிவது நூல் நின்ற பக்கம் தவறியதால். முன்பக்க வரிசையில் கண்ணியை நழுவவிடும்போது நூல் பின்னால் இருக்க வேண்டும். பின்பக்க வரிசையில் நழுவவிடும்போது நூல் உங்கள் பக்கம், அதாவது முன்னால். இரண்டு வரிசையிலும் நூல் சால்வையின் பின்முகத்தில்தான் ஓடுகிறது, அதை நினைவில் வைத்தால் குழம்பாது. நழுவவிடுவது எப்போதும் பர்ல் (நிட்டின் மறுபக்கக் கண்ணி) பின்னுவது போல ஊசியை நுழைத்து. நிட் போல நுழைத்தால் கண்ணி முறுக்கிக்கொண்டு சின்னதாகிவிடும்.

சுருங்குவது அந்தக் குறுக்கு நூல் குட்டையாகப் போவதால். மொசைக் இயல்பிலேயே கார்ட்டரை விட நெருக்கமானது. நழுவிய கண்ணிக்குப் பிறகு வரும் கண்ணியைப் பின்னும் முன், வலது ஊசியில் இருப்பவற்றை விரலால் நன்றாகப் பரப்பிவிடுங்கள். போதவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் 4 மி.மீ. ஊசி. கழுவினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள், மொசைக் அவ்வளவாக விரிந்து கொடுக்காது.

படத்தில் ஒரு கட்டவரிசை என்பது இரண்டு பின்னல் வரிசை. போகும்போது எதைப் பின்னினீர்களோ வரும்போது அதையே பின்ன வேண்டும், எதை நழுவவிட்டீர்களோ அதையே நழுவவிட வேண்டும். திரும்பும் வரிசைக்குப் படமே தேவையில்லை, ஊசியைப் பார்த்தே பின்னலாம்.

மேகவிளிம்பு
மற்றவர்கள் பின்னிப் போடும் படங்களைப் பார்க்கலாமா, கூடாதா? ராவெல்ரி என்ற பின்னல் இணையதளத்தில் ஒவ்வொரு துப்புக்கும் தனி இழை இருக்கிறது.

சாயப்பானை
நிறம் மாற்றுகிற எண்ணம் இருந்தால் பாருங்க, தப்பே இல்லை. துப்பு வந்த மறுநாளே பத்துப் பேர் முடித்துவிடுவார்கள். அவர்கள் எடுத்த நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி உங்க வரிசையோடு ஒப்பிட்டால் எங்கே மங்கும் என்று முன்னாடியே தெரியும்.

நூலேணி
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மர்மம் என்பதே இந்தப் பின்னலின் உயிர். படம் பார்த்துப் பின்னுவதானால் ஐந்து வாரம் கழித்து முழு வடிவமும் கிடைக்கும்போது பின்னலாமே. 1 – 2 ஜோடி உறுதியாக இருந்தால் மற்றதை நம்பி விட்டுவிடலாம். பார்த்தே ஆக வேண்டும் என்றால், அந்தத் துப்பை முடித்த பிறகு பாருங்கள். நீங்கள் போடும் படத்துக்கும் மேலே எச்சரிக்கை எழுதுங்கள், நேரமில்லாமல் ஒரு துப்பு பின்தங்கி வருபவர்கள் நிறையப் பேர்.

கார்த்திகைப்பூ
பார்க்காமலே போகிறேன். துப்பு 3 லேஸ். 12 கண்ணிக்கு ஒருமுறை திரும்பும் கோலம். இடது பாதியில் ஒரு கண்ணி குறைகிறது, எங்கே என்று தெரியவில்லை.

கண்ணிக்கணக்கு
ஒரு கண்ணி குறைந்தால் பெரும்பாலும் விட்டுப்போன யார்ன் ஓவர்தான். 12க்கு ஒரு மார்க்கர் வையுங்கள், எந்த அறையில் 11 இருக்கிறதோ அதில் மட்டும் தேடினால் போதும். முந்தைய வரிசையில் விட்டிருந்தால் பிரிக்கவே தேவையில்லை: இரண்டு கண்ணிக்கு நடுவே கிடக்கும் குறுக்கு நூலை இடது ஊசியால் தூக்கி, யார்ன் ஓவர் போலவே பின்னுங்கள். மற்ற ஓட்டையை விடக் கொஞ்சம் சிறிதாக இருக்கும், பிளாக்கிங்கில் பக்கத்து நூலை இழுத்துச் சமன் ஆகிவிடும்.

நடுக்கண்ணியின் இரு பக்கமும் மார்க்கர் வைக்காதீர்கள். யார்ன் ஓவரைத் தாண்டி அது குதித்துவிடும், நடுக்கோடு ஒரு கண்ணி நகர்ந்து போனது பத்து வரிசை கழித்துத்தான் தெரியும். பூட்டு மார்க்கரை நடுக்கண்ணியிலேயே மாட்டி, நாலு வரிசைக்கு ஒருமுறை மேலே ஏற்றுங்கள்.

வட்டஊசி
உயிர்நூல் (தவறினால் அதுவரை மட்டும் பிரிக்க, கண்ணிகளைத் தாங்கி நிற்கும் நூல்) போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே போடுங்கள். வழுவழுப்பான மெல்லிய பருத்தி நூல், வேறு நிறம். கோலம் இல்லாத ஓய்வு வரிசையை முடித்த பிறகு, எல்லாக் கண்ணியும் நேராக நிற்கும்போது, தையல் ஊசியால் அவற்றின் ஊடே கோத்துவிடுங்கள். மார்க்கரின் ஊடே நூல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் அந்த மார்க்கர் அந்த வரிசையிலேயே சிக்கிக்கொள்ளும். கழற்றி மாட்டும் ஊசி என்றால் திருகுக்கான ஓட்டையில் உயிர்நூலைக் கட்டிவிட்டு ஒரு வரிசை பின்னினால் தானாகவே கோத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு துப்பின் தொடக்கத்திலும் ஒன்று கட்டாயம். லேஸ் பகுதிக்குள் கோலம் ஒருமுறை முடியும் இடத்திலெல்லாம் ஒன்று.

கார்த்திகைப்பூ
துப்பு 4. ஊசியில் சுமார் 480 கண்ணி. நிறம் 2இல் இன்னும் 6 வரிசை கார்ட்டர் இருக்கிறது, கையில் 9 கிராம்தான். போதுமா?

கண்ணிக்கணக்கு
480 கண்ணிக்கு 6.7 மீட்டர், அதாவது 1.7 கிராம். 6 வரிசைக்கு 10 கிராம். போதாது. வீட்டுத் தராசு 1 கிராம் துல்லியம் என்றால் ஒரு வரிசையை நிறுத்து முடிவு செய்ய வேண்டாம், தராசின் பிழையே பாதி இருக்கும். 4 வரிசைக்கு முன்னும் பின்னும் நிறுத்து, நாலால் வகுங்கள்.

வரிசையைக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். மர்மப் பின்னலில் அதைச் செய்யக் கூடாது. துப்பு 5 எத்தனை கண்ணியில் தொடங்கும் என்று எழுதியிருப்பார்கள், அதன் கோலம் அந்த எண்ணிக்கைக்கு ஏற்றது. முழு வடிவமும் தெரிந்த பின் என்றால் வழி இருக்கிறது: கோலம் 12க்கு ஒருமுறை என்றால் 6 மேட்டை விட்டுவிடலாம், ஒவ்வொரு பாதியிலும் சரியாக 12 கண்ணி குறையும், கோலம் ஒன்று குறையும். இப்போது அது கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுவது போல. அதற்குப் பதில் கடைசி ஒரு மேட்டை நிறம் 4இல் பின்னுங்கள். அடுத்த பட்டை 4இல்தான் தொடங்குகிறது என்றால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த முக்கோணத்தில் 140 மேடு என்றால் பாதி நூல் தீர்வது 70ஆவது மேட்டில் இல்லை, 99ஆவது மேட்டில். கடைசி 19 மேடு மட்டும் மொத்த நூலில் கால் பங்கு எடுக்கும். நடுவில் நிறைய மிச்சம் இருப்பது போலத் தெரிவது அதனால்தான்.

கார்த்திகைப்பூ
துப்பு 5 வந்தது. நிறம் 5இல் 2 மேடு, பிறகு அதே நிறத்தில் 3 கண்ணி ஐ-கார்டு பைண்ட் ஆஃப் (கண்ணிகளை முடித்து விளிம்பு கட்டுவது). 20 கிராம் தாங்குமா? விளிம்பு இறுகிவிடும் என்றும் பயம்.

கண்ணிக்கணக்கு
2 மேட்டுக்கு 8 கிராம். ஐ-கார்டில் ஒவ்வொரு கண்ணியை முடிக்கவும் 3 கண்ணி பின்ன வேண்டும், ஆகவே மூன்று வரிசைக்கான நூல், சுமார் 24 மீட்டர், 6 கிராம். மொத்தம் 14. தாராளமாகத் தாங்கும்.

வட்டஊசி
இறுகாமல் இருக்க 4.5 மி.மீ. ஊசியை வலது கையில் பிடியுங்கள். 2 நிட், பிறகு ஐ-கார்டின் மூன்றாவது கண்ணியையும் சால்வையின் அடுத்த கண்ணியையும் சேர்த்துப் பின்வழியாக ஒன்றாகப் பின்னி, மூன்றையும் இடது ஊசிக்கு மாற்றுங்கள். 30 கண்ணி முடிந்ததும் நிறுத்தி, விளிம்பை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். மேலே உள்ள துணி நீளும் அளவு அது நீளவில்லை என்றால், ஒவ்வொரு 4 கண்ணிக்கும் ஒருமுறை சால்வையோடு இணைக்காமல் வெறும் 3 நிட் பின்னி மாற்றிக்கொள்ளுங்கள். நடுக்கண்ணியின் கூர்முனையில் அப்படி இரண்டு முறை, இல்லையென்றால் முனை மழுங்கிவிடும். இந்தக் கூடுதல் வரிசைகளுக்கு இன்னும் 2 கிராம் பிடிக்கலாம், உங்களிடம் இருக்கிறது.

எலிசபெத் சிம்மர்மன் பிரபலமாக்கிய, தையல் ஊசியால் முடிக்கும் முறை நன்றாக நீளும்தான். ஆனால் 567 கண்ணிக்கு அவ்வளவு நீள நூலைத் திரும்பத் திரும்ப இழுத்தால் நூல் உரசிப் பஞ்சாகிவிடும். இங்கே வேண்டாம்.

மேகவிளிம்பு
பிளாக்கிங்கில் மரூன் சாயம் வெளிர் விளிம்பில் ஏறாமல் இருக்க?

சாயப்பானை
குளிர்ந்த நீர், சாயம் பிடிக்கும் தாள் ஒன்று, 15 நிமிடத்துக்கு மேல் ஊற விடாதீங்க. பக்கத்திலேயே நின்று பாருங்க. எடுத்ததும் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டு வைத்துச் சுருட்டி மிதிச்சு ஈரத்தை எடுங்க. முறுக்கிப் பிழியக் கூடாது, ஈரமாக மடித்து ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது. இறங்கும் சாயம் ஊறும்போதை விட ஈரத்தோடு ஒன்றின் மேல் ஒன்று அழுந்திக் கிடக்கும்போதுதான் அதிகம் ஒட்டும்.

வட்டஊசி
தூக்கும்போது இரு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். நனைந்த சூப்பர்வாஷ் தன் எடையிலேயே நீளும்.

மேல் விளிம்பில் கம்பி கோத்து நேராக்கி, முதலில் அதன் நடுவைக் குத்துங்கள். பிறகு நடுக்கோட்டை நேராக இழுத்துக் கீழ்முனை. அதன் பிறகுதான் இரு இறக்கைகள். லேஸ் பகுதியை நன்றாக விரியுங்கள், மொசைக் பகுதியை இழுக்காதீர்கள், கையால் தடவிச் சமப்படுத்தினால் போதும். இரண்டையும் ஒரே வேகத்தில் இழுத்தால் மொசைக்கின் குறுக்கு நூல் முன்பக்கம் எட்டிப்பார்க்கும். ஐ-கார்டு விளிம்பில் 5 செ.மீ.க்கு ஒரு குண்டூசி, ஐ-கார்டின் உள்ளே குத்தாமல் அதற்கு மேலுள்ள மேட்டில். இல்லையென்றால் ஒவ்வொரு ஊசியும் ஒரு பல் போல நிற்கும்.

நூலேணி
மறைத்த வால்களைக் குண்டூசி எடுத்த பிறகே ஒட்ட வெட்டுங்கள். விரியும்போது வால் உள்ளே இழுபடும். முன்பே வெட்டியிருந்தால் நுனி வெளியே வந்து நிற்கும். கார்ட்டரில் இரு பக்கமும் தெரியும் என்பதால், வாலை அதே நிறக் கண்ணியின் பாதையிலேயே ஏழெட்டுக் கண்ணி கொண்டுபோய், திரும்பி மூன்று கண்ணி பின்னால் வந்து நிறுத்துங்கள்.

கார்த்திகைப்பூ
எல்லோருக்கும் நன்றி. குத்தி வைத்திருக்கிறேன். மொசைக் பகுதி மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் தெளிவாகத் தெரிகிறது. மேல் விளிம்பு தொட்டால் காய்ந்தது போல இருக்கிறது, ஐ-கார்டு மட்டும் சில்லென்று. எடுத்துவிடலாமா?

வட்டஊசி
வேண்டாம். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். ஐ-கார்டு குழாய் போன்றது, கடைசியாகத்தான் காயும். நாளை காலை வரை விடுங்கள்.